கதவுக்கு மேலே ஒரு சிவப்புக் கேடயம்

பிராங்க்பர்ட் நகரின் யூதத் தெருவில் அந்தக் காலத்தில் வீடுகளுக்கு எண் கிடையாது. அடையாளம்தான் உண்டு. சிவப்புக் கேடயம் இருந்த வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. ஜெர்மன் மொழியில் அதுதான் ‘ரோத்சில்டு’. பின்னாளில் அந்தக் குடும்பம் ‘பச்சைக் கேடயம்’ என்ற வீட்டுக்குக் குடிபோனது. பெயர் மட்டும் சிவப்பாகவே நின்றுவிட்டது.

மற்றபடி கிழக்கு, மத்திய ஐரோப்பிய யூதர்கள் பலருக்குப் பரம்பரைக் குடும்பப் பெயரே இல்லை. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் நினைக்கும் அரசுக்கு இது பெரிய தலைவலி. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் ஆணை போட்டார்: யூதர்கள் எல்லோரும் மாறாத குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நெப்போலியன் 1808இல் அதையே செய்தார்.

அப்புறம் கையில் கிடைத்ததெல்லாம் பெயரானது. தையல்காரர் ஷ்னைடர் ஆனார். ரிவ்கா என்ற பெண்ணின் பிள்ளைகள் ரிவ்கின். காட்ஸ் என்றால் பூனை என்று பலர் நினைக்கிறார்கள்; அது ‘நீதியின் குரு’ எனப் பொருள்படும் இரண்டு எபிரேயச் சொற்களின் சுருக்கம், குருமார் வம்சத்தின் அடையாளம். தத்துவஞானி மோசஸின் தந்தை பெயர் மெண்டல், எனவே அவர் மெண்டல்சோன், அதாவது மெண்டலின் மகன். அவருடைய பேரன், இசையமைப்பாளர் பெலிக்ஸ், ஆபிரகாமின் மகன். ஆனாலும் அவரும் மெண்டல்சோன்தான்.

ரோசன்தால் (ரோஜாப் பள்ளத்தாக்கு), கோல்டுபெர்க் (தங்கமலை) போன்ற பெயர்களை அதிகாரிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு விற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காசு கொடுத்தவருக்குத்தான் தங்கம் என்றால், பரம ஏழைகளிடையே இத்தனை கோல்டுபெர்க்குகள் எப்படி வந்தார்கள்? ஊருக்கு ஊர் தனித்தனியாக வைத்த பெயர்கள் இவை. அதனால் இரண்டு கோல்டுபெர்க்குகள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவில் இன்னொரு சிக்கல். அரசு அனுமதியோடு கல்யாணம் செய்ய நிறையச் செலவாகும். பலர் சமயச் சடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசு ஏட்டில் அது கல்யாணமே இல்லை. அதனால் பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரில் பதிவானார்கள். இன்று மூதாதையரைத் தேடுகிறவர்கள் தாத்தாவுக்கும் அவர் அப்பாவுக்கும் வேறு வேறு பெயர் இருப்பதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.