வாரண்ட்: பிடிவாரண்டா, பிடியாணையா?

வாரண்ட் என்றதும் கைது, விலங்கு, ஜெயில் என்றுதான் மனசு ஓடும். சொல் பிறந்த இடமோ வேறு. பழைய பிரெஞ்சின் வடக்கு வழக்கில் 'வாரன்ட்' என்றால் காப்பவர், பிணை நிற்பவர். அதற்கும் அடியில் இருப்பது, காத்தல் என்று பொருள்படும் ஜெர்மானிய வேர். வாரண்டி, கியாரண்டி இரண்டும் இதே வீட்டுப் பிள்ளைகள்.

சரி, இங்கே பிணை நிற்பது யார்? கையெழுத்துப் போட்டவர். ஒருவரைப் பிடிக்கவோ வீட்டைச் சோதிக்கவோ காரணம் உண்டு என்று பார்த்து, தன் பெயரில் அனுமதி எழுதித் தருகிறார். அதனால் அந்தக் கையெழுத்து யாருடையது என்பது பெரிய கேள்வி.

1762இல் லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஆட்கள் புகுந்தார்கள். நாலு மணி நேரம் பூட்டுகளை உடைத்து, பெட்டிகளைக் கிளறி, தாள்களை அள்ளிப் போனார்கள். கையில் வாரண்ட் இருந்தது. ஆனால் அதில் கையெழுத்திட்டவர் ஓர் அமைச்சர். என்டிக் வழக்குப் போட்டார். அப்படி ஆணையிட அமைச்சருக்குச் சட்டம் எந்த அதிகாரமும் தரவில்லை என்று 1765இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கமே அனுப்பிய ஆட்கள் என்றாலும், சட்டத்தின் துணை இல்லாவிட்டால் அத்துமீறி நுழைந்தவர்கள்தான். இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி வருவது 'பிடிவாரண்ட்'. பாதி தமிழ், பாதி இரவல். இலங்கைத் தமிழ் ஊடகங்கள் 'பிடியாணை' என்றே எழுதுகின்றன. என் ஓட்டும் அதற்குத்தான். 'உன்மேல் ஆணை' என்கிறோமே, ஆணைக்குச் சத்தியம் என்ற பொருளும் உண்டு. கட்டளை இடுபவரையும் கட்டும் சொல் அது.

கைதுக்குப் பிடியாணை என்றால், வீட்டைத் தேடுவதற்குச் 'சோதனை ஆணை'. இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்றைக் காட்டி மற்றதைச் செய்ய இடம் கொடுத்துவிடும்.

எல்லாக் கைதுக்கும் பிடியாணை தேவையில்லை. இந்தியாவில் கடுமையான குற்றங்களுக்கு அது இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். அப்போதும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். பிடியாணையோடு வந்தால், கேட்டதும் அதைக் காட்ட வேண்டும். வாங்கிப் பாருங்கள்: யார் பெயர், என்ன குற்றம், யார் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை இருக்கிறதா.