ஆதனவரி: ஒரு வரியும் அதன் பல பெயர்களும்

கொழும்பு மாநகர எல்லைக்குள் வீடு வைத்திருக்கும் தமிழர் பலர், மாநகர சபைக்குத் தாம் செலுத்தும் வீட்டு வரியை ‘அசெஸ்மென்ட்’ என்றே சொல்கிறார்கள். ஜனவரி பிறந்தால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ‘அசெஸ்மென்ட் கட்டியாச்சா?’ என்ற கேள்வி காதில் விழும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய மூத்தவர்கள் அதே வரியைச் ‘சோலைவரி’ என்பார்கள். உள்ளூராட்சி மன்றங்களின் தமிழ் அறிவித்தல்களில் ஓரிடத்தில் ‘ஆதனவரி’ என்றும் இன்னோரிடத்தில் ‘மதிப்பீட்டு வரி’ என்றும் இருக்கும். பக்கத்து வீட்டுச் சிங்களவர் ‘வரிபனம்’ என்பார். இத்தனை பெயர்களும் குறிப்பது ஒரே வரியைத்தான். அவற்றுள் எது எங்கிருந்து வந்தது, எதை நாம் எழுத்தில் நிலைநிறுத்த வேண்டும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில், வரியின் பெயர் விளங்காதவருக்கு அந்த வரி பற்றி வரும் அறிவித்தலும் விளங்காது. அறிவித்தல் விளங்காதவர், அதை ஆட்சேபிக்கத் தமக்குள்ள காலத்தையும் உரிமையையும் அறியாமலே இழந்துவிடுகிறார்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றி 1866இல் இயங்கத் தொடங்கியது. இன்று அதற்கும் நாட்டின் ஏனைய மாநகர சபைகளுக்கும் அடிப்படையாக இருப்பது 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். சபையின் எல்லைக்குள் இருக்கும் வீடுகள், கட்டடங்கள், காணிகள் ஆகியவற்றின் ஆண்டுப் பெறுமதியில் இத்தனை சதவீதம் என்று வரி விதிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் சபைக்கு வழங்குகிறது. ஆண்டுப் பெறுமதி என்பது வீட்டை விற்றால் கிடைக்கும் விலையன்று. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகை. உரிமையாளர் தாமே குடியிருந்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும், கணக்கு இந்த எதிர்பார்ப்பு வாடகையை வைத்தே போடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 40,000 ரூபா என்றும் வரி வீதம் 20 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வரி 8,000 ரூபா, காலாண்டுக்கு 2,000 ரூபா ஆகும். முழு ஆண்டுக்குமான தொகையை ஜனவரி 31ஆம் திகதிக்குள் செலுத்துவோருக்கு 10 சதவீதக் கழிவு உண்டு. இந்த எடுத்துக்காட்டில் அது 800 ரூபா. காலாண்டுக்குக் காலாண்டு கட்டுவோர், அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதக் கழிவு பெறுவர். ஜனவரியில் அந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது இதனால்தான்.

இனி ‘அசெஸ்மென்ட்’. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் ‘அருகில் அமர்தல்’ எனப் பொருள்படும் வினையாகும். நீதிபதியின் பக்கத்தில் உதவியாளராக அமர்ந்தவரைக் குறித்த சொல், பின்னர் வரித்தொகையை நிர்ணயிப்பவரைக் குறித்தது. அங்கிருந்து அந்த நிர்ணயிக்கும் செயலுக்கும் பெயராயிற்று. ஆங்கிலச் சட்டம் இவ்வரிக்கு இட்ட பெயர் ‘ரேட்’ என்பதே. அதுவும் இலத்தீனிலிருந்து வந்தது. ‘கணக்கிட்டு வகுத்த பங்கு’ என்பது அதன் மூலப் பொருள். இங்கிலாந்தில் ஊர்தோறும் வறியவர்களைப் பராமரிப்பதற்காக வீட்டுக்காரர்களிடம் பங்கு பிரித்துத் திரட்டிய தொகைக்கு வழங்கிய பெயர், குடியேற்ற ஆட்சியோடு கொழும்புக்கு வந்தது. ஆனால் மக்கள் வாயில் ‘ரேட்’ நிலைக்கவில்லை; மதிப்பீடு செய்ய வந்த உத்தியோகத்தரின் வேலைப் பெயரே வரிக்கும் பெயராகிவிட்டது. ஆகவே ‘அசெஸ்மென்ட் கட்டினேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘மதிப்பிடுதலைக் கட்டினேன்’ என்றுதான் பொருள் வரும்.

‘மதிப்பீட்டு வரி’ என்ற தமிழாக்கத்தின் குறையும் இதுவே. அது ஆங்கிலப் பேச்சு வழக்கைப் பின்தொடர்கிறதே தவிர, வரி எதன்மேல் விதிக்கப்படுகிறது என்பதைச் சொல்லவில்லை. வருமான வரியும் மதிப்பிட்டே விதிக்கப்படுகிறது. மதிப்பீடு என்பது வரி விதிப்பின் ஒரு படிமுறை. வருமானத்தின்மேல் விதிப்பது வருமான வரி. அந்த வழியில் வீடு, காணியின்மேல் விதிக்கும் வரிக்கும் அவற்றைச் சுட்டும் பெயரே தகும். ‘மதிப்பீடு’ என்ற சொல்லை அதற்கு உரிய இடத்தில், அதாவது பெறுமதியைக் கணிக்கும் செயலுக்கு, ஒதுக்கி வைப்பதே நல்லது. அப்போதுதான் ‘இந்த ஆண்டு மதிப்பீடு உயர்ந்தது, வரி வீதம் மாறவில்லை’ என்பது போன்ற வாக்கியத்தைக் குழப்பமின்றி எழுத முடியும்.

‘சோலைவரி’ ஈழத்தமிழுக்கே உரிய அழகிய சொல். வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் செலுத்தும் வரியை அங்கே பெரும்பாலோர் இப்படியே சொல்கிறார்கள். சோலை என்றால் மரங்கள் அடர்ந்த இடம். ஆனால் இன்றைய வரிக்கும் மரத்துக்கும் தொடர்பில்லை. ஒரு மரமும் இல்லாத மாடிவீட்டுக்கும் இந்த வரி உண்டு. (கொழும்பில் நெருக்கமாக அடுக்கிக் கட்டிய சிறு வீட்டு வரிசைகளை நாம் ‘தோட்டம்’ என்று சொல்வதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம், இடப்பெயர்கள் தாம் குறித்த பொருளைவிட நீண்ட காலம் வாழ்பவை.) பேச்சிலும் கதையிலும் சோலைவரி தொடர்ந்து வாழ வேண்டும் என்பதே என் விருப்பம். எனினும், கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞருக்கோ, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவருக்கோ, அறிவித்தலில் ‘சோலைவரி’ என்று மட்டும் இருந்தால் அது தம் வீட்டைப் பற்றியது என்று உடனே தோன்றாது. சட்டச் சொல் என்ற நிலையில் அதன் எல்லை அவ்வளவே.

மிகவும் கவனிக்கத்தக்கது சிங்களத்தின் ‘வரிபனம்’. இந்த வரிக்குச் சிங்களத்தில் பொதுவாக வழங்கும் பெயர் இதுதான். வீட்டின் வரி இலக்கத்தையும் ‘வரிபனம் அங்கய’ என்கிறார்கள். ‘வரி’, ‘பணம்’ என்னும் இரண்டு சொற்களும் தமிழ் வாசகர் எவருக்கும் உடனே புலப்படும். ‘பணம்’ இங்கே பொதுவான காசு என்ற பொருளை மட்டும் உடையதன்று. இலங்கையில் பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்திலும் ‘பணம்’ என்ற பெயரில் நாணயம் வழங்கியது. அப்படியிருக்க, தமிழில் இந்த வரிக்கு ‘வரிப்பணம்’ என்றே சொல்லிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது பொருந்தாது. தமிழில் ‘வரிப்பணம்’ என்றால் எந்த வரியாலும் திரண்ட பணம். ‘மக்களின் வரிப்பணம்’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் எழுதுகிறோம். அயல்மொழிக்குள் சென்று பொருள் குறுகிய ஒரு சொல்லை, அந்தக் குறுகிய பொருளோடு திரும்பப் பெற்றுக்கொள்ள இயலாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: ஒரே வீதியில் வாழும் சிங்களவர் இரண்டு தமிழ்ச் சொற்களால் தம் வரியைக் குறிக்கும்போது, தமிழர் ஆங்கிலச் சொல்லை நாடுவதற்குத் தேவையேதும் இல்லை.

‘ஆதனம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘ஆசனம்’ என்பதன் தமிழ் வடிவமாக, இருக்கை என்ற பொருளில் ‘ஆதனம்’ பழைய நூல்களில் வருகிறது. மாசம் மாதமானது போல, சகரம் தகரமாகத் திரிவது தமிழில் பழகிய வழக்கம். ஈழத்துச் சட்டத்தமிழிலோ ‘ஆதனம்’ என்றால் சொத்து. ‘அசையும் ஆதனம்’, ‘அசையா ஆதனம்’ என்ற தொடர்களை இங்குள்ள நொத்தாரிசுகளும் வழக்கறிஞர்களும் நாள்தோறும் எழுதுகிறார்கள். காணி உறுதிகளிலும் (காணியின் உரிமைப் பத்திரங்களிலும்) வங்கி ஈட்டுப் பத்திரங்களிலும் அவற்றைக் காணலாம். ‘அசெஸ்மென்ட்’ என்பதன் வேரிலும் அமர்தல் இருக்கிறது, ‘ஆதனம்’ என்பதன் பழம்பொருளிலும் இருக்கை இருக்கிறது என்பது தற்செயலான ஒற்றுமை. அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இதே வரிக்குச் ‘சொத்துவரி’ என்றும் ஊர்ப்புறத்தில் ‘வீட்டுவரி’ என்றும் பெயர். சென்னையில் அது அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. சொத்துவரி எல்லோருக்கும் விளங்கும் நல்ல சொல்லே. ஆனால் இங்கே ‘சொத்து’ என்பது நகை, வைப்புப் பணம் எல்லாவற்றையும் சேர்த்து நினைக்க வைக்கிறது. ‘அசையும் ஆதனம்’ என்ற தொடர் இருந்தாலும், ‘ஆதனம்’ தனியே நின்றால் காணி, கட்டடத்தோடு ஒட்டிய சொல்லாகவே நம் வழக்கில் நிலைத்துவிட்டது. ஆகவே இலங்கையில் ‘ஆதனவரி’யே ஏற்றது.

தனித்தமிழ் விரும்புவோர், வடமொழித் தொடர்புள்ள ஆதனம் எதற்கு, பழந்தமிழில் சொல் இல்லையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, சொல்லும் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுத் தமிழில் வரியின் பொதுப்பெயர் ‘இறை’. வீட்டு மனைமேல் விதித்தது ‘மனையிறை’, தறிமேல் விதித்தது ‘தறியிறை’, செக்கின்மேல் விதித்தது ‘செக்கிறை’. வரி நீக்கிய நிலம் ‘இறையிலி’. எதன்மேல் விதித்தார்களோ அதன் பெயரை முன்வைத்தே ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘இறை’யின் வேர் ‘இறு’ என்னும் வினை. இறுத்தல் என்றால் செலுத்துதல், கொடுத்தல். ‘விடையிறுத்தான்’ என்பதில் வருவதும் அதுவே. ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்று 733ஆம் குறள் சொல்லும்போது, முதல் ‘இறை’ அரசனையும் இரண்டாவது ‘இறை’ வரியையும் குறிக்கின்றன.

இந்த ‘இறை’ தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் அருகிப் போய்விட்டது. இலங்கையில் அது இன்னும் அரச அலுவலகப் பெயர்ப்பலகையில் இருக்கிறது. ‘உள்நாட்டு இறைவரித் திணைக்களம்’ என்ற பெயரையும், அறிக்கைகளில் வரும் ‘வரியிறுப்பாளர்’ என்ற சொல்லையும் ஆக்கித் தந்த மொழிபெயர்ப்பாளர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற பொது வழிபாட்டிடங்களுக்கு ஆதனவரியில் விலக்களிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ‘இறையிலி’ என்ற சொல் குறித்த ஏற்பாட்டுக்கு அது மிக நெருக்கமானது. இவ்வளவு இருந்தும், ‘மனையிறை’யை நாளையே கட்டணச் சீட்டில் அச்சிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கடைக்கும் களஞ்சியத்துக்கும் வெறுங்காணிக்கும் சேர்த்து விதிக்கும் வரியை ‘மனை’ என்ற சொல் முழுமையாக ஏந்தாது. பழஞ்சொல் ஒன்றை மீட்பதைவிட, ஏற்கெனவே சட்டத்திலும் உறுதியிலும் வழங்கும் சொல்லை ஒரே சீராகப் பயன்படுத்துவதுதான் சீட்டைக் கையில் வாங்கும் முதியவருக்கு உதவும்.

சொல்லைச் சீராக வழங்குவதால் நேரடிப் பயனும் உண்டு. கொழும்பில் ஒரு வீட்டின் முகவரியில் வரும் எண் உண்மையில் இந்த வரிக்காகச் சபை இட்ட இலக்கமே. ஒரு காணி பிரிக்கப்பட்டால் 45 என்ற இலக்கம் 45/1, 45/2 என்று கிளைக்கும். பிரித்த துண்டு மீண்டும் பிரிந்தால் எண்ணும் எழுத்தும் மேலும் சேரும். தபால்காரர் படிக்கும் முகவரிக்கும் சபையின் ஏட்டுக்கும் இவ்விலக்கமே பாலம். உறுதி எழுதும்போது இதை ‘ஆதனவரி இலக்கம்’ என்று குறித்தால் எவருக்கும் ஐயம் எழாது. ‘அசெஸ்மென்ட் நம்பர்’, ‘மதிப்பீட்டு இலக்கம்’, ‘வரி இலக்கம்’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால், வருமான வரிக்காக ஒருவருக்குக் கொடுக்கப்படும் இலக்கத்தோடு குழம்புவதற்கு இடமுண்டு. இதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. சபையின் ஏட்டில் தம் பெயர் ஏறிவிட்டால் வீடு தம்முடையதாகிவிட்டது என்று நம்புவோர் நம்மிடையே பலர். பெற்றோர் இறந்தபின் ஏட்டில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, உறுதியைக் கவனியாமல் விட்ட குடும்பங்கள் பின்னர் விற்பனையின்போது திகைத்து நிற்கின்றன. ஏட்டில் உள்ள பெயர் வரி செலுத்த வேண்டியவர் யார் என்பதைக் காட்டுவது. உரிமையைக் காட்டுவது காணி உறுதியே. ஆதனவரிப் பற்றுச்சீட்டு ஆண்டுக்கணக்காகக் கையில் இருந்தாலும், அது உறுதியின் இடத்தைப் பிடிக்காது.

எழுத்து வடிவம் பற்றி ஒரு குறிப்பு. ஆதனம், வரி என்னும் இரண்டும் சேரும்போது, மரவேர் என்பதில் போல, இறுதி மகரம் கெட்டு ‘ஆதனவரி’ ஆகும். ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதே நேர். பிறசொல் தொடரும்போது வல்லினம் வந்தால் மிகும்: ஆதனவரிக் கழிவு, ஆதனவரிப் பற்றுச்சீட்டு, ஆதனவரித் தொகை. மிகாத இடங்களில் ஆதனவரி நிலுவை, ஆதனவரி ஏடு என்று எழுதலாம். ‘ரேட்’ என்பதை வரி விகிதம் என்ற பொருளில் மொழிபெயர்க்க நேர்ந்தால் ‘ஆதனவரி வீதம்’ என்க. ‘வீதம்’ தனியே நின்றால் எந்தக் கணக்கின் வீதம் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும்.