சாவி வெளியே போன இரண்டு மணி நேரம்

எங்கள் டீமில் ஒரு தம்பி. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சோதனைக்காக கிளவுட் கணக்கின் ஆக்சஸ் கீயை, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்களைத் திறக்கும் ரகசியச் சாவியை, கோடுக்குள்ளேயே எழுதி, அதை அப்படியே கிட்ஹப் என்ற கோடு சேமிப்புத் தளத்தில் யாரும் பார்க்கக்கூடிய பப்ளிக் ரெப்போவில் ஏற்றிவிட்டான். கவனித்ததும் அந்த வரியை அழித்து இன்னொரு கமிட் (மாற்றத்தின் பதிவு) போட்டிருக்கிறான். முடிந்தது கதை என்று நினைப்பு. பழைய கமிட்டில் கீ பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் எதையும் லேசில் மறக்காது. இப்படிச் சிக்கும் கீக்காகவே பப்ளிக் ரெப்போக்களை ராப்பகலாகத் துழாவும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) உண்டு. நாங்கள் பார்த்தபோது, யாரோ கிரிப்டோ மைனிங் செய்ய எங்கள் செலவில் பெரிய பெரிய சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் அந்தக் கீயை முடக்க வேண்டும். அரை நிமிட வேலை. ஆனால் அந்த உரிமை அவனுக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது. என்னிடம் வந்து சொல்ல இரண்டு மணி நேரம் தயங்கியிருக்கிறான். "திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணா." எனக்குச் சுர்ரென்றது. அப்புறம்தான் உறைத்தது: முந்தின வாரம் இன்னொருவரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன்.

பெரிய நிறுவனங்களிலும் தவறு நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போலவே கோடு சேமிக்கும் தளமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர் சர்வர் மாறி டேட்டாபேஸை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5. பேக்கப் இருக்கும் என்று போய்ப் பார்த்தால் காலி. பேக்கப் எடுக்கப்படவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

அடுத்த மாதம் 28ஆம் தேதி அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை. கட்டளையில் ஒரு உள்ளீடு தவறி, தேவைக்கு மேல் சர்வர்கள் கழன்றன. ஏகப்பட்ட தளங்கள் நான்கு மணி நேரம்போலத் தள்ளாடின. அதன்பின் அமேசான் திருத்தியது அந்தக் கருவியை: சர்வர்களை மெதுவாகத்தான் கழற்றும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது.

நாங்களும் கீ இருக்கும் கமிட்டைத் தடுக்க ஒரு ஹூக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை) போட்டோம். கீயை முடக்கும் உரிமையை டீமில் எல்லோருக்கும் கொடுத்தோம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. போன மாதம் ஒருவர் அவசரப்பட்டு நல்ல கீயையே முடக்கி, அரை மணி நேரம் ஒரு ரிப்போர்ட் நின்றுபோனது. சரி, பரவாயில்லை என்றேன்.