எதிர்ப்புச் சக்தியா, தடைக்காப்பா?

சென்ற வாரம் எங்கள் தெரு மருந்துக்கடையின் கண்ணாடியில், ‘வைட்டமின் டி: எதிர்ப்புச் சக்தியை இரட்டிப்பாக்கும், சளி இருமல் அண்டாது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அருகில் நின்ற பெரியவர் 60,000 அலகுப் பொட்டலம் நான்கு வாங்கிக்கொண்டு, “வாரத்துக்கு ரெண்டாப் போட்டா சக்தி சீக்கிரம் ஏறுமா தம்பி?” என்று கடைக்காரரிடம் கேட்டார். சக்தி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ‘இம்யூனிட்டி’ (immunity) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்னும் மொழிபெயர்ப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்தக் கேள்வியே போதுமான காரணம்.

இம்யூனிட்டி என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘இம்யூனிஸ்’. வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்பது அதன் பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்தை ‘இறையிலி’ என்றார்களே, ஏறத்தாழ அதே கருத்துத்தான். பின்னர் மருத்துவம் அச்சொல்லை நோயிலிருந்து பெறும் விலக்குக்கு எடுத்துக்கொண்டது. மூலத்தில் சக்தியும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

வேரைப் பின்பற்றாவிட்டாலும் பொருளையாவது பின்பற்றியிருக்கலாம். வைட்டமின் டி உடலில் செய்யும் வேலையையே பாருங்கள். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுத் தோலில் உருவாகும் இப்பொருள், கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, ஹார்மோனாகவே செயல்படுகிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களும் மூச்சுக்குழாயின் உட்பரப்புச் செல்களும் இம்மாற்றத்தைத் தாமே செய்துகொண்டு, அதன் தூண்டுதலால் கேத்தலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குகின்றன. இதுவரை ‘எதிர்ப்பு’ என்பது பொருந்தும். ஆனால் அதே வைட்டமின், அழற்சி எல்லை மீறி நுரையீரலையே புண்ணாக்கிவிடாதபடி டி-செல்கள் (T cells) என்னும் வேறு வகை வெள்ளணுக்களின் வேகத்தை அடக்கவும் செய்கிறது. அடக்குவதை எந்தக் கணக்கில் ‘சக்தியை அதிகரித்தல்’ என்று எழுதுவது? உடல் தன்னையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்களை இச்சொல்லைக் கொண்டு விளக்கப் புகுந்தால், மிகுந்த சக்தியே நோயாகிறது என்று சொல்லிக் குழப்ப நேரும்.

ஆய்வுகளும் இந்த ‘ஏற்றும்’ கருத்துக்குத் துணை நிற்கவில்லை. 2017இல் 25 ஆய்வுகளின் ஏறத்தாழ 11,000 பேரின் தரவுகளைத் தொகுத்தபோது, நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சிறிய அளவில் எடுத்தவர்களுக்கு, அதிலும் வைட்டமின் டி மிகக் குறைந்திருந்தவர்களுக்கு, மூச்சுத்தடத் தொற்று குறைந்தது. ஒரேயடியாகப் பெரிய அளவில் கொடுத்தபோது அப்பயன் கிட்டவில்லை. 2025இல் 46 ஆய்வுகளாக விரிந்த தொகுப்பிலோ, ஒட்டுமொத்தப் பயன் உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. குறை இருந்தால் நிரப்பலாம் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடும்.

இலங்கைப் பாடநூல்கள் ‘நிர்ப்பீடனம்’ என்கின்றன. பீடை இல்லாமை என்ற அளவில் இலத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கமான சொல் அதுவே, ஆயினும் பாடநூலுக்கு வெளியே உள்ள வாசகருக்கு அது தானாக விளங்காது. ‘தடுப்பாற்றல்’ தடுப்பூசியோடு நன்றாக இணைகிறது, ஆனால் ஆற்றல் என்றதும் மறுபடியும் ஏற்றும் எண்ணம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘நோய்த்தடைக்காப்பு’ என்பதையே நான் தேர்வேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய ஊரில் காவலும் இருக்கும், கட்டுப்பாடும் இருக்கும். வைட்டமின் டி செய்யும் இரு வேலைகளும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. காப்பை யாரும் இரட்டிப்பாக்கக் கேட்பதும் இல்லை.

நல்ல சொல் பள்ளிப் புத்தகத்தில் அச்சாகிக் கிடக்க, விளம்பரத்துக்கு எழுதுபவர்களும் செய்தி பெயர்ப்பவர்களும் ஆங்கில வாசகத்தை வரிக்கு வரி இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தக் கண்ணாடியில், ‘வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு நோய்த்தடைக்காப்பு சீராக இயங்க இது உதவலாம், அளவை மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று எழுதியிருந்தால் பெரியவர் இரண்டு பொட்டலத்தைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.