நாய் ஒரு அலமாரியில், ஓநாய் இன்னொன்றில்

“மிஸ், நாய் பத்தி ஏதாவது புக் இருக்கா?”

ஏழாம் வகுப்புப் பெண். கையில் நாலாக மடித்த தாள். அதில் ஆசிரியர் கொடுத்த ப்ராஜெக்ட் தலைப்பு: ‘வளர்ப்பு விலங்குகள்’. இதற்குப் பள்ளி நூலகர் சொல்லக்கூடிய சுலபமான பதில் ஒன்று உண்டு. “மூணாவது அலமாரியில பாரும்மா” என்று கையைக் காட்டிவிட்டு, இஷ்யூ ரெஜிஸ்டரில் குனிந்துகொள்வது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்ததும் அதுதான். புத்தகம் கிடைத்துவிடும். பிள்ளை அதிலிருந்து இரண்டு பக்கத்தை அப்படியே எழுதி, ஒரு படம் ஒட்டிக் கொடுத்துவிடும். எனக்கும் வேலை முடிந்தது, அதற்கும் வேலை முடிந்தது.

இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன்: “நாயைப் பத்தி உனக்கு என்ன தெரியணும்?”

“எல்லாம் மிஸ்.”

எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். பெரியவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதன் பெயர், குறும்பு, கடித்துக் குதறிய செருப்பு என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, நடுவில் சொன்னாள்: “ராத்திரில ஓநாய் மாதிரி ஊளை விடும் மிஸ். அது ஏன்?”

அவள் கேட்க வந்த கேள்வி அதுதான். அவளுக்கே அதுவரை தெரியாது. பள்ளி நூலகத்தில் நடக்கிற முக்கியமான வேலை எது என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு நிமிடத்தைத்தான் சொல்வேன். புத்தகம் வாங்குவது, எண் ஒட்டுவது, அடுக்குவது எல்லாம் இதற்கான ஏற்பாடுகள்.

எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து நூலகரானவர். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை நூலகப் படிப்பு படித்த எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வோம். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மற்ற நூலகங்களுக்கு அது சரி. பள்ளி நூலகத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் மீறலாம் என்பது என் கட்சி. பிள்ளை கேட்டதை உடனே எடுத்து நீட்டினால் அதன் நேரம் மிச்சமாகும், தேடுகிற வழி தெரியாமலே போய்விடும்.

அந்தப் பெண்ணை அலமாரிக்குக் கூட்டிப் போனேன். பல பள்ளிகளில் இருப்பதுபோல எங்களிடமும் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டியூயி தசமப் பகுப்புதான். 1876-இல் வந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நாய்க்கு எண் 636.7. ஓநாய் இருப்பது 599.77-இல். நடுவில் மருத்துவம், பொறியியல் என்று நாலைந்து தட்டு புத்தகங்கள். “ரெண்டும் ஒரே ஜாதிதானே மிஸ், ஏன் இவ்ளோ தூரத்துல வச்சிருக்கீங்க?” என்றாள். 500 என்றால் இயற்கையை ஆராய்கிற அறிவியல், 600 என்றால் மனிதன் அந்த அறிவை வைத்துச் செய்கிற காரியங்கள். காட்டில் இருக்கிற ஓநாய் முதல் கட்டத்தில் வரும். மனிதன் பழக்கி வளர்த்த நாய், ஆடு மாடு வளர்ப்போடு சேர்ந்து இரண்டாவதில் வரும். நட்சத்திரம் 520-இலும் ராக்கெட் 629.4-இலும் இருப்பதற்கும் இதே காரணம்தான். பிள்ளைகள் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு விஷயத்தை இரண்டு வாசல் வழியாகப் பார்க்கலாம் என்று தெரிந்தால் போதும்.

ஐந்து புத்தகங்கள் எடுத்தோம். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தவளை நிறுத்தி, கடைசிப் பக்கங்களைத் திருப்பச் சொன்னேன். பொருளடக்கம் எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிறது. புத்தகத்தின் பின்னால் அகர வரிசையில் இருக்கும் சொல்லடைவு பத்தாம் வகுப்புக்குப் போன பிறகும் பலருக்குத் தெரியவில்லை. ‘ஊளை’ என்று தேடினாள், இல்லை. ‘ஒலி’ என்று தேடச் சொன்னேன். ‘தகவல் தொடர்பு’ என்று தேடச் சொன்னேன். அங்கே இருந்தது. நாம் நினைக்கிற சொல்லில்தான் புத்தகமும் பேசும் என்று கிடையாது. இணையத்தில் தேடும்போதும் இதே கதைதான்.

அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. நாய் மனிதனோடு வாழத் தொடங்கி 15,000 ஆண்டுகள் என்று ஒரு புத்தகம். 30,000 கூட இருக்கலாம் என்று இன்னொன்று. “எது மிஸ் கரெக்ட்?” அவள் முகத்தில் லேசான கோபம், ஏமாற்றப்பட்டதுபோல. புத்தகத்தில் அச்சானது எல்லாம் ஒரே குரலில் பேசும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தைத் திருப்பி, வெளியான ஆண்டைப் பார்க்கச் சொன்னேன். எலும்பை வைத்துச் சொன்னார்களா, மரபணுவை வைத்துச் சொன்னார்களா என்று தேடச் சொன்னேன். அறிஞர்களிடையே இந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்பதையும் சொன்னேன். கடைசியில் அவள் எழுதியது: ‘ஒரு புத்தகம் இப்படிச் சொல்கிறது, இன்னொன்று அப்படிச் சொல்கிறது. காரணம் இது.’ மூன்றே வரி. இரண்டு பக்கம் பார்த்து எழுதியதைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது.

பார்த்து எழுதுகிற பழக்கத்துக்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான். ஒரு பத்தியைப் படி, புத்தகத்தை மூடு, எழுது. திறந்து வைத்துக்கொண்டு எழுதக் கூடாது. முதல் நாள் எல்லாரும் திணறுவார்கள். மூடியதும் ஒன்றும் நினைவில் இல்லை என்றால், புரியவில்லை என்று அர்த்தம். இன்னொரு தடவை படிக்க வேண்டியதுதான்.

இணையம் வந்த பிறகு நூலகம் எதற்கு என்று பெற்றோர் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு ஆக்டோபஸ் இருக்கிறது. வட அமெரிக்கக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அழிந்துவருகிறது, அதைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு இணையதளம். 1998-இல் ஒருவர் வேடிக்கைக்காக உருவாக்கியது. படம் இருக்கிறது, வாழ்க்கை முறை இருக்கிறது, அதன் எதிரிகள் யார் என்றுகூட இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அதைத் திரையில் காட்டி, நம்பலாமா என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். “படமே இருக்கே மிஸ்” என்றான் ஒருவன். அந்தப் பக்கத்தையே குடைந்து கொண்டிருந்தார்களே தவிர, ஒருவரும் அதை விட்டு வெளியே போய்ப் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் மூன்று தரப்பிடமும் சில இணையதளங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டுச் சோதித்தார்கள். பேராசிரியர்களிலும் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் தப்பித்ததற்குக் காரணம் எளிமையானது: அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வேறு ஜன்னலைத் திறந்து, இதை நடத்துவது யார், இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். எங்கள் கணினி மேசையில் இதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘நம்பும் முன் வெளியே போய்ப் பார்’. இப்போது புதுத் தலைவலி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு கொடுத்த புத்தகப் பட்டியலோடு பிள்ளைகள் வருகிறார்கள். தேடிப் பார்த்தால் சில தலைப்புகளில் புத்தகமே கிடையாது. அதுவும் நல்ல பாடம்தான்.

இதுவரை ஆராய்ச்சி. வாசிப்பு என்று வந்தால் நான் பேசாமல் ஒதுங்கி நிற்பதுதான் அதிகம்.

புதுப் பிள்ளைகளுக்கு ஐந்து விரல் கணக்கு சொல்லித் தருவேன். நடுவில் ஒரு பக்கத்தைத் திற. தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கொஞ்சம் கடினம். உபயோகமான கணக்குதான், ஆனால் அதைச் சட்டமாக்கிவிடக் கூடாது. பாம்புப் பைத்தியமான ஒரு ஆறாம் வகுப்புப் பையன், இரண்டு கை விரலும் போதாத தடிப் புத்தகம் ஒன்றை மூன்று தடவை புதுப்பித்து எடுத்துப் போனான். எல்லாம் புரிந்திருக்காது. அதனால் என்ன? சித்திரக்கதையையே திரும்பத் திரும்ப எடுக்கிற பிள்ளைகளையும் நான் தடுப்பதில்லை. ‘நல்ல புத்தகம் எடு’ என்று அதட்டினால் அடுத்த வாரம் எதையும் எடுக்காது.

அபராதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு கறாராக வசூலித்தேன். ஒரு பையன் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து, அந்த ஆண்டு முழுக்க நூலகத்துக்குள் வரவே இல்லை. நூலக பீரியடில் கழிவறைக்குப் போகிறேன் என்று நழுவிவிடுவான். எனக்கு அது தெரியவே ஆறு மாதம் ஆனது. ஒரு புத்தகம் போனது பெரிதில்லை. இப்போது அபராதம் கிடையாது. திரும்பி வராத புத்தகங்கள் முன்பைவிடக் கூடிவிட்டதாக என் ரெஜிஸ்டர் சொல்லவில்லை.

அலமாரி நிறைந்திருந்தால் நல்ல நூலகம் என்பதும் ஒரு மயக்கம். ப்ளூட்டோ 2006-இலேயே கோள்கள் பட்டியலிலிருந்து குறுங்கோள் என்ற வகைக்குப் போய்விட்டது. ஒன்பது கோள் சொல்கிற புத்தகங்கள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் எங்கள் 520-இல் உட்கார்ந்திருந்தன. கழித்துக் கட்டினேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், “எது மிஸ் கரெக்ட்?” என்று அடுத்த பிள்ளை கேட்கும்போது காட்டுவதற்கு.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ப்ராஜெக்ட் தலைப்பைக் கொடுத்து, திங்கட்கிழமை கேட்காதீர்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே மணி நேரத்தில் வந்து ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொண்டால், ஊளையைப் பற்றியெல்லாம் யாரிடமும் பேச முடியாது. கை காட்டிவிட்டு ரெஜிஸ்டரில் குனிய வேண்டியதுதான். ஒரு வாரம் முன்னால் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினாலும் போதும். எடுத்துத் தனித் தட்டில் வைத்துவிடுவேன்.