இடுப்புக்குக் கீழே விழும் அடி

"அக்கா, இவர் சொன்னது ரொம்ப பிலோ த பெல்ட்."

குடும்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் பழகிப்போன ஒன்று. அதுவரை தமிழிலேயே பேசி வந்தவர்கள்கூட இந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். பலரும் 'கடுமையாகப் பேசிவிட்டார்' என்ற பொருளில்தான் அதைச் சொல்கிறார்கள். உண்மையில் கடுமைக்கும் அந்தத் தொடருக்கும் சம்பந்தமே இல்லை.

'பெல்ட்டுக்குக் கீழே' என்ற அந்தத் தொடர் குத்துச்சண்டையிலிருந்து வந்தது. கீழே விழுந்தவனை அடிக்கக்கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று லண்டனில் ஜாக் பிரௌட்டன் 1743லேயே விதி எழுதினார். இன்றைய போட்டிகளுக்கு அடிப்படையான குயின்ஸ்பெரி விதிகள் 1867ல் வந்தன. தாடையில் விழும் குத்து ஆளையே சாய்த்தாலும் அது ஆட்டத்துக்குள் அடக்கம். பெல்ட்டுக்குக் கீழே விழும் குத்து லேசானதாக இருந்தாலும் தப்பு. நடுவர் எச்சரிப்பார், புள்ளியைக் குறைப்பார். அடி எவ்வளவு பலம் என்பதைப் பார்ப்பதில்லை, எங்கே விழுந்தது என்றுதான் பார்க்கிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. இங்கே சிங்கப்பூரில், சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. அந்தப் பாரதக் கதையின் கடைசிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கக்கூடாது. பீமன் துரியோதனனின் தொடையில் அடித்தான். அவனுக்குக் காரணம் இருந்தது, சபதமே இருந்தது. ஆனாலும் பலராமர் கொதித்து எழுந்தார். "அவதான் முதல்ல ஆரம்பிச்சா" என்று என்னிடம் சொல்லும் கணவர்களுக்கு இந்த இடத்தைத்தான் நினைவுபடுத்துவேன். காரணம் இருந்தாலும் அது முறையற்ற அடிதான்.

ஒரு தம்பதி வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். மகன் தொடக்கநிலை ஐந்து. டியூஷனுக்கு இன்னும் ஒரு பாடம் சேர்ப்பதா, பணத்துக்கு எங்கே போவது என்று சண்டை. அதுவரை நியாயமான சண்டைதான், குரல் உயர்ந்திருந்தாலும். மகனுக்குக் கணக்கைத் தானே சொல்லித் தருவதாக மனைவி சொல்லியிருக்கிறார். "நீ நார்மல் டெக்னிக்கல்தானே, உனக்கு என்ன தெரியும்" என்றிருக்கிறார் கணவர். உயர்நிலைப் பள்ளியில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களைச் சேர்த்த பிரிவு அது. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கணவர் இதை என்னிடம் சொல்லும்போது, அந்த அம்மா தன் வேலையிடப் பாஸின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். விரல் நுனி வெளுத்துப்போகும் வரை சுற்றினார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு வந்த அன்று வீட்டுக்குப் போகப் பயந்து அடுக்குமாடி புளோக்கின் கீழே இருட்டும் வரை உட்கார்ந்திருந்ததைக் கல்யாணமான புதிதில் அவர் ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் இந்தக் கணவர். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அந்தப் பிரிவு முறையே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த அம்மாவுக்குள் அது அப்படியே இருக்கிறது.

"கோவத்துல வாய் தவறிடுச்சுக்கா" என்றார் கணவர். தவறவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. தோற்கப்போகும் நேரத்தில், எங்கே அடித்தால் எதிராளி எழமாட்டார் என்று தெரிந்த இடத்தில் கை போயிருக்கிறது. நம்பிச் சொன்னதை ஆயுதமாக்குவது, மாற்றவே முடியாத ஒன்றைக் குத்திக் காட்டுவது, பிள்ளைக்கு முன்னால் சிறுமைப்படுத்துவது: நான் பார்த்தவரை பெல்ட்டுக்குக் கீழே விழுபவை பெரும்பாலும் இவைதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நாலு நம்பர் லாட்டரிக்கு இந்த மாதம் எவ்வளவு போனது என்று மனைவி கேட்டால், "அது பிலோ த பெல்ட்" என்பார் ஒருவர். கிடையவே கிடையாது. வீட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்பது நேர் குத்து. அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, அடித்தாகிவிட்டது. அப்புறம்? குத்துச்சண்டையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இங்கேதான் வருகிறது. தொழில்முறைப் போட்டிகளில் இப்படி அடிபட்டவருக்கு மூச்சு வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடம் வரை தருகிறார்கள். ஆட்டம் நின்றுவிடும். அடித்தவர் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "அதான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்க" என்று அடித்தவரே அவசரப்படுத்துகிறார். அந்த அவசரம் இரண்டாவது அடி. அந்தக் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம்: சொன்னது தப்பு என்று மகன் முன்னாலேயே சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள்.

தினமும் இப்படியே நடந்தால் அதைச் சண்டை என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ள மாதர் சாசனத் திருத்தம், மனரீதியான, உணர்வுரீதியான துன்புறுத்தலையும் குடும்ப வன்முறை என்று தெளிவாகவே சொல்கிறது. 1800 777 0000 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உடம்பில் காயம் இருந்தால்தான் அழைக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை.

மூன்றாவது சந்திப்புக்கு அந்த அம்மா தனியாக வந்தார். கணவர் மகனை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். மகனின் கணக்குப் புத்தகத்தை அந்த அம்மா மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார், பின்னங்கள் நடத்துகிறாராம். கணவரிடம் இன்னும் சரியாகப் பேச வரவில்லை என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா. ராத்திரி பாத்திரம் கழுவி வச்சிட்டு, பேசாம பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கார்."