மர பிஸ்கட்டும் நமத்துப்போகும்

மழைக்காலத்தில் முறுக்கு டின்னின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டவரை வீட்டில் யாராவது ஒருவர் அன்றைக்கே கேட்டுவிடுவார். பட்டறையில், பலகைகளை இணைக்க உதவும் மர பிஸ்கட் பெட்டி ஐந்து மாதம் வாய் திறந்து கிடந்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. சென்னையில், கடற்காற்று எட்டும் தொலைவில் பல ஆண்டுகளாக மரவேலைப் பட்டறை நடத்தும் நான், அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் ஒரு தேக்கு மேசையைக் கெடுத்துக்கொண்டவன் என்பதால், இந்தச் சின்னப் பொருளை வாங்குவதையும் வைத்திருப்பதையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிஸ்கட் என்பது இரு முனையும் கூம்பிய, தட்டையான ஒரு மரச்சில்லு. இணைக்க வேண்டிய இரண்டு பலகைகளின் விளிம்பிலும் பிஸ்கட் ஜாயினர் என்ற கைமெஷினால் பிறை வடிவத்தில் காடி என்னும் குறுகிய பள்ளம் வெட்டி, பசை விட்டு, பிஸ்கட்டின் பாதி இந்தப் பலகையிலும் மறுபாதி அந்தப் பலகையிலும் அடங்குமாறு சேர்த்து கிளாம்ப் போடுகிறோம். சுவிட்சர்லாந்தின் லீஸ்டால் ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஹெர்மான் ஸ்டெய்னர் 1950களின் நடுவில் இந்த முறையை உருவாக்கினார். லமெல்லோ என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. அந்நாளில் புதிதாக வந்திருந்த சிப்போர்டை எளிதாக இணைக்க ஒரு வழி தேடியபோதுதான் அவருக்கு இது கிடைத்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் கழுந்தும் துளையும் நிற்காது என்பது நம் ஊர் ஆசாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதன் சாமர்த்தியம் முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. நன்கு உலர்ந்த பீச் மரத்தை அழுத்தி நெருக்கி, 4 மி.மீ. காடிக்குள் விரலால் தள்ளினாலே நுழையும் அளவுக்கு மெல்லியதாக்கி விடுகிறார்கள். நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் பட்டதும் நெருக்கி வைக்கப்பட்ட மரநார்கள் விரிந்து, பிஸ்கட் தடித்து, காடியின் இரு சுவர்களையும் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது இன்னும் விரியாத அந்த விரிவைத்தான். அது காடிக்குள், பசையோடு சேர்ந்து நடக்க வேண்டும். பட்டறை அலமாரியில் காற்றின் ஈரத்தாலேயே நடந்து முடிந்துவிட்டால், கையில் மிஞ்சுவது வெறும் மரத்துண்டு.

காற்றின் ஈரம் அவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், மரம் தன் உலர் எடையில் சுமார் 9 விழுக்காடு ஈரத்தை ஏற்று அதில் நிலைகொள்ளும். அதே வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடானால், மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் 80 விழுக்காடு அபூர்வமே அல்ல. கனமான பலகை இந்த ஈரத்தை இழுக்க வாரக்கணக்கில் ஆகும். 4 மி.மீ. கனமுள்ள பிஸ்கட்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

என் மேசையின் கதை இதுதான். ஆறு தேக்குப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரு சாப்பாட்டு மேசையின் மேற்பலகை செய்துகொண்டிருந்தோம். நவம்பர் மாதம், வெளியே விடாத மழை. ஜூனில் பிரித்து, அட்டைப்பெட்டியிலேயே விட்டிருந்த பிஸ்கட்டுகளை எடுத்தோம். காடியில் அவை பாதி வரை போய் நின்றுகொண்டன. பசை பூசியாகிவிட்டது, நேரம் ஓடுகிறது என்ற பதற்றத்தில், உதவிக்கு இருந்த தம்பி கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. கிளாம்பை எவ்வளவு இறுக்கியும் இரண்டு இடங்களில் மயிரிழை இடைவெளி மூடவில்லை. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டோம். அடுத்த மே மாதம், ஏசி ஓடும் அந்த வீட்டுக் கூடத்தில், சரியாக அந்த இரண்டு இடங்களிலும் இணைப்பு பிளந்து நின்றது. பட்டறைக்குக் கொண்டுவந்து இணைப்பின் வழியே பிரித்துப் பார்த்தபோது சில பிஸ்கட்டுகள் கையோடு வந்தன. காடிச் சுவர்கள் துடைத்துவிட்டது போலக் காய்ந்திருந்தன. வழித்துத் தள்ளப்பட்ட பசை முழுவதும் அடியில் கண்ணாடிக் கட்டியாக உறைந்திருந்தது. காடியின் ஆழம் வரை போகாத பிஸ்கட்டுகள், இரண்டு பலகைகளுக்கும் நடுவில் ஆப்பு வைத்தது போல நின்று, விளிம்புகளைச் சேரவிடாமல் தடுத்திருக்கின்றன. தேக்கின் எண்ணெய்ப்பசைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே தேக்கு, அதே பசை, பிஸ்கட் ஒழுங்காக நுழைந்த இணைப்புகளில் அசையவே இல்லை.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் அளவைக் குறிக்கும் எண். 0, 10, 20 என்ற மூன்றும் கனத்தில் ஒன்றே. நீள அகலத்தில்தான் வேறுபடும். 0 எண் சுமார் 47 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் கொண்டது; 10 எண் 53-க்கு 19; 20 எண் 56-க்கு 23. மூன்றுக்கும் 4 மி.மீ. காடிதான் என்பதால், மெஷினில் ஆழத்தை மட்டும் மாற்றினால் போதும். பலகை இடம் கொடுக்கும் வரை பெரிய எண்ணையே எடுங்கள் என்பது என் வழக்கம். 18 மி.மீ. பிளைவுட் பெட்டியின் மூலைக்கு 20 எண் தாராளமாகப் போதும், 12 மி.மீ. ஆழம் வெட்டினாலும் அடியில் 6 மி.மீ. மிஞ்சும். 12 மி.மீ. பிளைவுட்டின் முகத்தில் அதே ஆழத்தை வெட்டினால் பிளேடு மறுபுறம் எட்டிப் பார்க்கும். அங்கே 0 எண்ணைத் தவிர வேறு வழியில்லை. பட்டறையில் அதிகம் செலவாவது 20 எண்தான். மூன்றிலும் ஆயிரம் ஆயிரமாக வாங்கி அடுக்குவது, மழைக்காலத்துக்குத் தீனி போடுவதற்குச் சமம்.

எண்ணுக்கு அடுத்தபடியாக இழையோட்டத்தைப் பாருங்கள், ஏனெனில் விலை குறைந்த சரக்கின் குணம் அங்கேதான் வெளிப்படும். நல்ல பிஸ்கட்டில் மரத்தின் இழை நீளவாக்கில் ஓடாது. மூலைவாட்டாகச் சாய்ந்து ஓடும். பலகைகள் சேரும் கோடு பிஸ்கட்டின் நடுவே நீளவாக்கில் போகிறது. இழையும் அதே திசையில் ஓடினால், விறகைப் பிளப்பது போல அந்தக் கோட்டிலேயே பிஸ்கட் பிளந்துவிடும். கடையில் நிற்கும்போதே ஒன்றை எடுத்து இரு கைகளாலும் நீளவாக்கில் மடக்கி ஒடித்துப் பாருங்கள். குறுக்குச்சாய்வாக முறிந்தால் எடுத்துக்கொள்ளலாம். நடுக்கோட்டில் இரண்டாகப் பிளந்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு பிஸ்கட்டை ஒடித்ததற்காக எந்தக் கடைக்காரரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.

கனத்தை அளக்க வெர்னியர் என்ற நுண் அளவுகோல் வேண்டும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும். பெட்டியின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்துமாகப் பத்து பிஸ்கட்டுகளை எடுத்து அளந்தால், அவை 4 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவாகவும் தங்களுக்குள் ஒத்தும் இருக்க வேண்டும். 4-ஐத் தாண்டியவை ஈரம் குடித்தவை. மூன்றரைக்குப் பக்கத்தில் நிற்பவை, எவ்வளவு உப்பினாலும் சுவரைத் தொடுமா என்பது சந்தேகம். ஆனால் உங்கள் மெஷினின் காடி உண்மையில் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலமுறை சாணை பிடித்த பிளேடு பக்கவாட்டில் தேய்ந்து 4 மி.மீ.-க்குக் குறைவாக வெட்டும், ஆடும் பிளேடு கூடுதலாக வெட்டும். கழிவுக்கட்டை ஒன்றில் காடி போட்டு, பசையில்லாமல் பிஸ்கட்டைச் செருகிப் பாருங்கள். விரலால் அழுத்தினால் முழு ஆழத்துக்கும் போக வேண்டும். கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. அதன் பிறகு, இன்னொன்றைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து அதே காடியில் செருக முயலுங்கள். உள்ளே நுழைய மறுத்தால் அந்தப் பெட்டியில் உயிர் இருக்கிறது என்று பொருள். தண்ணீரில் ஊறியும் சாதாரணமாக நுழைந்தால், அது சரியாக அழுத்தப்படாத மரமாகவோ, முன்பே நனைந்து காய்ந்த சரக்காகவோ இருக்கும்.

கடையில் வாங்கும் பெட்டி உட்புறம் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டப்பட்டதா என்பதையும் கேளுங்கள். சில்லறையாகச் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் பிஸ்கட், அந்தக் கடை எத்தனை மழையைப் பார்த்ததோ அத்தனையையும் பார்த்திருக்கும்.

வீட்டுக்கோ பட்டறைக்கோ வந்த பிறகு செய்ய வேண்டியதில் புதிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. அப்பளத்துக்கும் வற்றலுக்கும் நம் வீடுகளில் என்ன செய்வார்களோ அதுவேதான். என் பட்டறையில் அகன்ற வாயும் ரப்பர் வளையமும் கொண்ட கண்ணாடி ஜாடிகள் எண்ணுக்கு ஒன்றாக இருக்கின்றன. திறக்காத உறைகள், பூட்டுமூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டி, சிமென்ட் தரையில் படாமல் மேல் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு ஜாடியிலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உண்டு. ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்து நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு பிடி அரிசியைப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். மூட்டையில் வரும் அரிசியிலேயே 12 முதல் 14 விழுக்காடு வரை ஈரம் இருக்கும்போது அது பிஸ்கட்டை எப்படிக் காயவைக்கும் என்று எனக்குப் புரியவில்லை. வேலை நேரத்தில் ஜாடியை மேசைமேல் திறந்து வைப்பதையும் நிறுத்திவிட்டோம். அன்றைய இணைப்புகளை எண்ணி, அத்தனையை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மூடிவிட வேண்டும். ஈரக்கையால் ஜாடிக்குள் துழாவக்கூடாது என்பதைத் தம்பிகளுக்கு ஊறுகாய் ஜாடியைக் காட்டித்தான் புரியவைத்தேன்.

ஏற்கெனவே நமத்துவிட்டதை மீட்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். ஒரு மூடிய பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டோ, அடுப்பில் 60, 70 டிகிரியில் சில மணி நேரம் வைத்தோ ஈரத்தை வெளியேற்றலாம். மைக்ரோவேவில் வைத்தால் ஒரே பிஸ்கட்டின் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் ஈரமாகவே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எப்படிக் காயவைத்தாலும், அழுத்தி நெருக்கிய நார் ஒருமுறை விரிந்துவிட்டால் முழுவதும் பழைய நெருக்கத்துக்குத் திரும்பாது. அந்த அளவுக்கு விரியும் திறனும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே காயவைத்தவற்றைத் திரும்ப அளந்து, காடியில் எளிதாக நுழைபவற்றைப் பலகைகளை மட்டம் சேர்க்கும் வேலைக்கு மட்டும் ஒதுக்குகிறேன். விளிம்போடு விளிம்பு சேரும் கட்டைமர இணைப்பில் பலத்தைத் தருவது பசைதான். பிஸ்கட் அங்கே பலகைகள் மேலும் கீழும் நழுவாமல் பிடிப்பதோடு சரி. பிளைவுட், எம்டிஎப் மூலைகளுக்கு அப்படியல்ல. அங்கே பிஸ்கட் நிஜமாகவே பாரம் தாங்குகிறது. அவற்றுக்குப் புதிய உறையைத்தான் பிரிக்க வேண்டும். பூஞ்சை பிடித்தது எதற்கும் உதவாது. பீச் மரம் ஈரத்தில் மிக விரைவாக உளுக்கும் இனம் என்பதால், மழைபடும் தோட்டத்து பெஞ்சுக்கும் வெளிக்கதவுக்கும் எவ்வளவு நல்ல பிஸ்கட்டையும் நான் போடுவதில்லை.

பசையைப் பற்றி இரண்டு சொல். அதைக் காடிச் சுவர்களில் பூச வேண்டும். பிஸ்கட்டில் பூசிவிட்டுக் காடியைத் தேடக்கூடாது, தேடும் நேரத்திலேயே அது உப்பத் தொடங்கிவிடும். 100 மி.மீ. பிளேடு 12 மி.மீ. ஆழத்தில் வெட்டும் காடி சுமார் 65 மி.மீ. நீளம் வரும், பிஸ்கட் 56 மி.மீ.தான். பலகையை அக்கம்பக்கம் நகர்த்திச் சரிபார்க்க இருபுறமும் 4 மி.மீ.-க்கு மேல் இடம் கிடைக்கிறது என்றாலும், அந்தச் சலுகை சில நிமிடங்களுக்குத்தான். எபாக்சியிலும் லேமினேட் ஒட்டும் ரப்பர் பசையிலும் தண்ணீர் இல்லாததால் பிஸ்கட் விரியவே விரியாது; ஜாடி, ஜெல் என்று இத்தனை பாடுபட்டுக் காத்த குணம் அங்கே வீண்.

கிளாம்பைக் கழற்றியதும் இழைப்புளியை எடுத்துவிடாதீர்கள். காடியைச் சுற்றியுள்ள மரமும் அந்தத் தண்ணீரைக் குடித்து மேலே லேசாகப் புடைத்திருக்கும். அதை அப்போதே மட்டமாக இழைத்தால், காய்ந்த பிறகு அதே இடம் உள்வாங்கி, பாலிஷ் வெளிச்சத்தில் ஒவ்வொரு பிஸ்கட்டும் ஒரு நீள்வட்டக் குழியாகத் தெரியும். குறைந்தது ஒரு முழு நாள் விடுகிறேன்; மழைக்காலத்தில் மூன்று நாள்.

கழித்துக்கட்டிய பிஸ்கட்டுகளை நாங்கள் எறிவதில்லை. பசை தடவவும், தள்ளாடும் அலமாரிக்காலுக்கு அண்டைகொடுக்கவும் அவற்றைப் போல வாகானது வேறில்லை. அவை மறுபடி ஜாடிக்குள் போய்விடாமல் இருக்க, ஒவ்வொன்றின் முனையையும் சிவப்புப் பெயின்ட் டப்பாவில் ஒருமுறை முக்கி எடுத்துவிடுகிறோம்.